வேலூர்த் தண்ணிக்கு வாஷிங் மெஷின் பேரிங் கிட் தாங்குமா?

ஃபிரண்ட் லோடு மெஷின் ஸ்பின்னில் வேகம் எடுக்கும்போது, லோடு லாரி மேடு ஏறுகிற மாதிரி உறுமுகிறதா? பார்ட்ஸ் தேடி ஆன்லைனில் போனால் முதலில் கண்ணில் படுவது ஒரு சின்ன பாலித்தீன் கவர். உள்ளே இரண்டு பேரிங், பேரிங்குக்குத் தண்ணி போகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் ஒன்று, சிலவற்றில் கொஞ்சம் கிரீஸ். பெயர் 'பேரிங் கிட்'. தயாரித்தது யார் என்று இருக்காது. எந்தெந்த மாடலுக்குப் பொருந்தும் என்று ஒரு முழ நீளப் பட்டியல் மட்டும் இருக்கும். காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் போர் தண்ணியில் ஓடும் மெஷினுக்கு இதை வாங்கிப் போடலாமா? பேரிங்கைச் சோதித்துப் பார்த்துப் போடலாம். சீலைத் தனியாகத் தேடி வாங்குவதே நல்லது.

கிட்டுக்கு ஆர்டர் போடும் முன், சத்தம் பேரிங்கில்தான் வருகிறதா என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கத் தகட்டில் காதை வைத்து, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மணலை அரைக்கிற மாதிரி கரகரவென்று கேட்டால் பேரிங். அடுத்து டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். டிரம்மும், அதைச் சுற்றித் தண்ணி நிற்கும் வெளி டப்பும் ஒன்றாக எழுந்தால் பேரிங்கில் ஆட்டம் இல்லை. டிரம் மட்டும் தனியாக ஆடி, கேஸ்கெட் என்கிற கதவு ரப்பருக்கும் அதற்கும் நடுவே இடைவெளி கூடிக் குறைந்தால் பேரிங் போய்விட்டது. பெல்ட் மாடல் என்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றுங்கள். சத்தம் நின்றுபோனால் கோளாறு மோட்டார் பக்கம். பின்பக்க கவரைத் திறந்தால், புல்லிக்குக் கீழே டப்பில் துரு நிறத்தில் ஒரு கோடு வழிந்திருக்கும். அது இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மற்ற சத்தங்களுக்கு இந்த கிட் உதவாது. ஸ்பின்னில் டமடமவென்று அடித்துக்கொண்டு மெஷின் இடம் மாறினால் கால் லெவலையும் ஷாக் அப்சார்பரையும் பாருங்கள். வீடு மாறி வந்த மெஷின் என்றால் டிரான்சிட் போல்ட்டை, அதாவது வண்டியில் ஏற்றும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பூட்டும் போல்ட்டைக் கழற்றினார்களா என்று முதலில் பாருங்கள். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் கடகடவென்றால் பம்ப் ஃபில்டரில் நாணயமோ ஹேர்பின்னோ மாட்டியிருக்கும். சுற்றுக்கு ஒரு தரம் 'டக்' என்று வந்தால் ஸ்பைடர், அதாவது டிரம்மின் முதுகில் இருக்கும் மூன்று கால் அலுமினியத் தாங்கி, விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் புது பேரிங் போட்டும் பயனில்லை.

இனி கிட்டுக்கு வருவோம். எல்ஜி டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டாரே டிரம்மைச் சுற்றும் வகை) ஃபிரண்ட் லோடு பலவற்றில் 6205, 6206 என்ற இரண்டு பேரிங்கும் 37×66×9.5/12 அளவு (உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், மிமீயில்) சீலும் வரும். 6205 என்றால் உள்விட்டம் 25 மிமீ, வெளிவிட்டம் 52, அகலம் 15. 6206 என்றால் 30, 62, 16. இந்த எண்கள் உலகம் முழுக்க ஒன்றே. எந்த கம்பெனி பேரிங்காக இருந்தாலும் அளவு மாறாது. அதனால் பேரிங்கை ஆன்லைனில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. டிராக்டர், மோட்டார் பம்ப் வேலைக்கு பேரிங் விற்கிற கடையில் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, என்பிசி என்று பெயருள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். போலியும் நடமாடுகிறது, எஸ்கேஎஃப் பேரிங்கைச் சரிபார்க்க அந்த கம்பெனியே செயலி வைத்திருக்கிறது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். இசட்இசட் என்றால் இரு பக்கமும் தகர மூடி. 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி. நம் ஊர் தண்ணிக்கு 2ஆர்எஸ் மேல். சீல் லேசாகக் கசிந்தாலும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். சி3 என்று இருந்தால் குண்டுகளுக்கு உள்ளே இடைவெளி சற்றுக் கூடுதல் என்று பொருள். இறுக்கமாக அடித்து ஏற்றும் இடம் என்பதால் அது நல்லதே. பெயரில்லாத கிட்டில் வரும் பேரிங்கை விரலில் மாட்டி ஒரு சுண்டு சுண்டுங்கள். பம்பரம் மாதிரி சரசரவென்று வெகுநேரம் சுற்றினால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே கிரீஸ் போதவில்லை. நல்ல பேரிங் சத்தமில்லாமல், சற்று கனத்து, சீக்கிரம் நின்றுவிடும்.

சீல் விஷயம்தான் முக்கியம். வாஷிங் மெஷினில் பேரிங் வெறுமனே தேய்ந்து போவது அபூர்வம். சீல் கசிந்து, சோப்புத் தண்ணி உள்ளே போய், கிரீஸைக் கழுவி, துருப்பிடித்துத்தான் போகிறது. உப்புத் தண்ணியில் சுண்ணாம்பு படிந்து சீலின் உதட்டை உப்புத்தாள் மாதிரி அறுக்கும். மெஷினை மொட்டை மாடிப் படியிலோ பின்கட்டிலோ வைத்து கத்திரி வெயிலில் காயவிட்டால் ரப்பர் இன்னும் சீக்கிரம் விறைக்கும். மலிவு கிட்டில் வரும் சீலை விரலால் அழுத்திப் பாருங்கள். உதடு விறைப்பாக இருக்கும், உள்ளே இருக்கும் சுருள் கம்பி சில சமயம் இடத்தை விட்டு நழுவியிருக்கும். பட்டியலில் 'எல்லா மாடலுக்கும்' என்று போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். 35×65.55×10/12 என்று இன்னொரு அளவு இருக்கிறது. பார்வைக்கு 37×66 போலவே இருக்கும், ஆனால் டிரம்மைத் தாங்கிச் சுற்றும் அச்சான ஷாஃப்ட் நுழையும் துளையில் 2 மிமீ வித்தியாசம். பழைய சீலின் மேல் அச்சிட்ட எண்ணைப் படித்து, மெஷினின் மாடல் எண்ணையும் சொல்லி, ஒரிஜினல் சீலாக வாங்குங்கள். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் டப்பை இன்னொரு தரம் பிரிக்கும் வேலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

கவரில் வரும் கிரீஸ் தண்ணீரில் கரையாத வகை என்றால் பயன்படுத்தலாம். பைக் கடை கிரீஸ் வேண்டாம். சோப்புத் தண்ணியில் அது நிலைக்காது. சீலின் இரண்டு உதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் போதும்.

வேலை சுலபமில்லை. பழகிய கைக்கு 3, 4 மணி நேரம். முதல் தடவை என்றால் ஒரு நாள், கூட ஓர் ஆள். வயரையும் ஹோஸையும் கழற்றும் முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டப்பிலிருந்து டிரம்மைப் பிரிக்க ஷாஃப்ட்டைச் சுத்தியால் நேரே அடித்தால் மரை நசுங்கும். போல்ட்டைப் பாதி திருகிவிட்டு, மேலே மரக்கட்டை வைத்து அடியுங்கள். டிரம் பக்கம் இருப்பது பெரிய பேரிங். அதைப் பின்னாலிருந்து உள்ளே பார்த்துத் தள்ள வேண்டும். சின்னதை உள்ளிருந்து வெளியே.

ஷாஃப்ட்டில் சீல் உட்காரும் இடத்தில் ஒரு புஷ் இருக்கும். அதைத் துடைத்துவிட்டு நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் எங்காவது மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் அந்தப் பள்ளம் வழியாகத் தண்ணி வரும். ஷாஃப்ட்டோடு சேர்ந்த ஸ்பைடரையே மாற்ற வேண்டியதுதான். கிட் போட்டு ஒரு வருஷத்தில் மறுபடி சத்தம் வந்தது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஓர் இடத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புது பேரிங்கை இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சற்றுச் சுருங்கி எளிதாக ஏறும். அடிப்பது வெளி வளையத்தில் மட்டும். பழைய பேரிங்கையே மேலே வைத்து அடிக்கலாம். உள் வளையத்தில் அடித்தால் குண்டு ஓடும் பாதையில் குழி விழும், புது பேரிங்கே முதல் நாளிலிருந்து முனகும். ஏறிக்கொண்டிருக்கும் வரை 'தொப் தொப்' என்று மந்தமாகக் கேட்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் 'ணங்' என்று சத்தம் மாறும், அத்தோடு நிறுத்துங்கள். எல்லாம் பூட்டியதும் மெஷினுக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து, துணி போடாமல் ஒரு ரின்ஸ், ஒரு ஸ்பின். பேப்பரில் சொட்டு விழாவிட்டால் துணி போடலாம்.

இரண்டு வகை மெஷினுக்கு இதை வாங்க வேண்டாம். ஒன்று, டப்பின் இரண்டு பாதியையும் ஸ்க்ரூ போடாமல் ஒட்டியே செய்த மாடல். அதை அறுத்துத் திறந்து, சிலிகான் பூசி போல்ட் போட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், டப் அசெம்பிளியாகவே கேளுங்கள். இன்னொன்று செமி ஆட்டோமேட்டிக். அதன் ஸ்பின் பக்கம் கிறீச்சிட்டு ரப்பர் கருகிய வாடை வந்தால், மூடியோடு இணைந்த பிரேக் கம்பி தளர்ந்து பிரேக் உரசிக்கொண்டிருக்கும். கம்பியை இழுத்துக் கட்டினால் தீர்ந்துவிடும். வாஷ் பக்கம் கடகடவென்றால் நடுவில் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, சுழலும் தட்டைத் தூக்கிப் பாருங்கள். அடியில் சட்டைப் பட்டனும் சில்லறையும் கிடக்கும்.