எஞ்சிய லுகேமியாவைத் தேட: நிகழ்நேர பிசிஆரா, மரபணு வரிசையாக்கமா?

குழந்தைகளின் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோயில், சிகிச்சைக்குப் பின் எஞ்சியிருக்கும் நோய்ச் செல்களைத் தேடுவதற்குப் பல ஆண்டுகள் நிகழ்நேர பிசிஆரை (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் பெருக்கி, பெருகும்போதே அளக்கும் முறை) நம்பியிருந்த எங்கள் ஆய்வகம், இப்போது பெரும்பாலும் மரபணு வரிசையாக்கத்துக்கு (டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் முறை) மாறியிருக்கிறது. அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு முறைகளும் ஒரே கைரேகையைத்தான் தேடுகின்றன. லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு வளரும்போது அதன் ஏற்பி மரபணுவில் வி (V), டி (D), ஜே (J) என்ற துண்டுகள் வெட்டி ஒட்டப்படுகின்றன. ஒட்டும் இடத்தில் ஒரு நொதி, அச்சு எதுவும் இன்றிச் சில டிஎன்ஏ எழுத்துகளைத் தன்போக்கில் சேர்த்துவிடுகிறது. ஒரே செல்லிலிருந்து பெருகிய லுகேமியா முழுவதும் அந்த இணைப்பையே சுமக்கிறது.

செல்களின் புரத அடையாளங்களை ஒளியால் அளக்கும் ஃபுளோ சைட்டோமெட்ரி அன்றைக்கே விடை தரும் என்றாலும், மீண்டு வரும் எலும்பு மஜ்ஜையின் இளம் பி செல்கள் நோய்ச் செல்களைப் போலவே தோன்றிக் குழப்புவதால், இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

பிசிஆரின் பலம் அதன் பின்னால் நிற்கும் சான்று. ஏஐஇஓபி-பிஎஃப்எம் 2000 என்ற ஐரோப்பிய சிகிச்சைத் திட்டம், சிகிச்சையின் 33ஆம், 78ஆம் நாள் மாதிரிகளை இம்முறையில் அளந்துதான் குழந்தைகளை அபாயப் பிரிவுகளாகப் பிரித்தது. 78ஆம் நாளில் 1,000 செல்லுக்கு 1 அல்லது அதற்கு மேல் நோய்ச் செல் இருந்தால் உயர் அபாயம். ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ப்ரைமர் (அந்த இணைப்பில் மட்டும் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) வடிவமைத்து, நோய் கண்டறிந்த நாளின் டிஎன்ஏவைப் படிப்படியாக நீர்த்துச் சோதித்தாக வேண்டும். அதற்கே வாரங்கள் ஓடிவிடும்.

அந்த உழைப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை மாற்றியது வேறொன்று: லுகேமியா தன் கைரேகையை மாற்றிக்கொள்கிறது. நோய்ச் செல்லில் வெட்டி ஒட்டும் வேலை நின்றுவிடாமல் தொடரக்கூடும் என்பதால், தொடக்கத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகள் (வேறுபட்ட இணைப்புடைய செல் கூட்டங்கள்) இருப்பது அரிதன்று. ஒரு குழந்தைக்கு நோய் திரும்பியபோது எடுத்த மாதிரியில் டி-ஜே இணைப்பு எழுத்து பிசகாமல் அப்படியே இருந்தது. அதன் முன்னால் இருந்த வி துண்டு மட்டும் வேறாகியிருந்தது. எங்கள் ப்ரைமரோ வி-டி இணைப்பின் மேல் அமர்ந்திருந்தது. அந்த ஒரு குறியை (பின்தொடரும் இணைப்பை) மட்டும் நம்பியிருந்தால், நிறைந்திருந்த நோயை 'இல்லை' என்று எழுதியிருப்போம். இதற்காகத்தான் குறைந்தது இரண்டு குறிகளைப் பின்தொடரச் சொல்கிறார்கள்; கப்பா என்ற ஏற்பி மரபணுவில் ஒரு பகுதி நீங்குவதால் உருவாகும் இணைப்பு எளிதில் மாறாதது என்பதும் உண்மை. ஆயினும் பிசிஆர், நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். வரிசையாக்கம் மாதிரியில் உள்ள இணைப்புகளைப் பரவலாகப் படித்துக் காட்டுவதால், வி மாறிய உறவுக் கிளையும் கண்ணில் படுகிறது.

வரிசையாக்கம் எவ்வளவு குறைந்த நோயைக் கண்டறியும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு செல்லில் இருப்பது ஏறத்தாழ 6.5 பிக்கோகிராம் டிஎன்ஏ. 10 லட்சத்தில் ஒன்றைத் தேட வேண்டுமென்றால், குறைந்தது 6.5 மைக்ரோகிராமாவது கையில் இருக்க வேண்டும். செல் வற்றிய மஜ்ஜையிலிருந்து அவ்வளவு கிடைக்காதபோது, 'காணவில்லை' என்ற முடிவோடு எத்தனை செல்களில் தேடினோம் என்பதையும் எழுதிவிடுகிறோம்.

டி (T) செல் என்ற லிம்ஃபோசைட் வகையில் தோன்றும் லுகேமியாவில் நாங்கள் பார்த்த குழந்தைகள் குறைவு. என் சாய்வை அங்கே அப்படியே நீட்டமாட்டேன். 33ஆம், 78ஆம் நாள் மாதிரிகளுக்குப் பிசிஆரையும் விடவில்லை, ஏனெனில் சிகிச்சையை மாற்றும் எல்லைக்கோடுகள் அந்த அளவையில் வரையப்பட்டவை. அதன் பின்னர் வரும் மாதிரிகள் அனைத்தும் வரிசையாக்கத்துக்கே போகின்றன.