தமிழ்ப் புத்தகத்தை லேஅவுட்டுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு (பெங்களூர்)

பெங்களூரில் டிடிபி கடையில் (அச்சுக்குப் பக்கம் வடிவமைத்துத் தரும் கடை) தமிழ்ப் புத்தகம் கொடுத்திருக்கிறவர்கள், மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் ஒரு கடையில் கொடுத்தது யூனிகோடில் (எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் பொது எழுத்து முறை) தட்டிய வேர்டு கோப்பு, 240 பக்கம். கைக்கு வந்த பிடிஎஃப்பில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியவில்லை. மின்னஞ்சல் முகவரிகள் தமிழ் எழுத்துக் குவியலாகிக் கிடந்தன. கடை செய்த பிழைகளைத் திருத்தவே பக்கக் கணக்கில் தனிக் கட்டணம் கேட்டார்கள். மூலக் கோப்பைக் கேட்டால், “அதெல்லாம் கொடுக்கிற வழக்கம் இல்ல சார்.”

நடந்தது இதுதான். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், எழுத்தை வரியாக அடுக்குவது கம்போசர். அதில் வழக்கமாக இருக்கும் பாரகிராஃப் கம்போசருக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. ‘பெண்’ என்று ஒட்டினால் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கும். இதைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும்: பாரகிராஃப் ஸ்டைலைத் திறந்து, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போசரை ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாரகிராஃப் கம்போசர்’ என்று மாற்ற வேண்டும். மொழியைத் தமிழ் என்று வைத்து, நல்ல யூனிகோடு எழுத்துருவைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

கடை அதைச் செய்யவில்லை. முழுப் பிரதியையும் கன்வர்ட்டரில் போட்டு, யூனிகோடு அல்லாத பழைய பாமினி வகை எழுத்துருவுக்கு மாற்றிவிட்டது. கன்னடத் தட்டச்சு மென்பொருளான நுடியின் பழைய எழுத்துருக்களில் பழகிய கைக்கு இது எளிய வழியாகத் தோன்றலாம். ஆனால் பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ‘அம்மா’ என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதனால்தான் பிரதியில் இருந்த ஆங்கிலப் பெயர்களும் இணைய முகவரிகளும் தமிழ்க் குப்பையாயின. ‘ஸ்ரீ’ சில இடங்களில் உடைந்தது. வரிகளை இரு ஓரமும் சமமாக ஜஸ்டிஃபை செய்யும்போது எழுத்து இடைவெளியைக் கூட்டியதில் கொம்பும் துணைக்காலும் எழுத்தை விட்டு விலகி நின்றன. தட்டுபவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் இது எதுவும் அவர் கண்ணில் படாது.

வரி முடிவுகளில் கையால் இணைப்புக்கோடு போட்டதும் தவறு. ஒரு பத்தியில் இரண்டு சொல் சேர்த்ததும் வரிகள் நகர்ந்து, ‘பதிப்-பகம்’ என்று வரியின் நடுவில் கோடு நின்றது. இன்டிசைனில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இணைப்புக்கோட்டு விசையைத் தட்டினால், சொல் உடையும் இடத்தில் மட்டும் தெரியும் கோடு விழும். அதைத்தான் போட்டிருக்க வேண்டும்.

எங்களுக்கு ஆறாத கோபம் அடுத்ததில்தான். குறை சொன்னதும் எல்லா எழுத்தையும் அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றி, “இனி எந்த மெஷின்லயும் மாறாது” என்று கொடுத்தார்கள். அவுட்லைனில் எழுத்து வெறும் படம். தேட முடியாது, நகலெடுக்க முடியாது, திருத்தவும் முடியாது. எந்த எழுத்துரு இருந்தது என்ற தடயமும் போய்விடும். இரண்டு சொல் அட்டைத் தலைப்புக்கு அவுட்லைன் சரி. 240 பக்கத்துக்கும் அதைச் செய்தால், செய்த தவறை மூடி மறைப்பது என்றுதான் பொருள்.

பிடிஎஃப் கைக்கு வந்ததும் அக்ரோபேட் ரீடரில் திறந்து, கன்ட்ரோல்-டி அழுத்தி, ‘ஃபான்ட்ஸ்’ பகுதியில் எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். பட்டியல் காலியாக இருந்தால் அவுட்லைன். பெயர் இருந்து, பக்கத்தில் ‘எம்பெடட்’ (எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்கிறது) என்று இல்லாவிட்டால் அச்சகத்தில் வேறு எழுத்துரு வந்து உட்காரும். அடுத்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் பழைய எழுத்துரு. ஒழுங்கான யூனிகோடு பிடிஎஃப்பிலும் நகலெடுக்கையில் சில நேரம் கொம்பு இடம் மாறும். அதை மட்டும் வைத்துக் கடையோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

அக்ரோபேட் புரோ இருந்தால், அச்சு வண்ண அளவுகளைக் காட்டும் அவுட்புட் பிரிவ்யூவில் உள்பக்க எழுத்தின் மேல் சுட்டியை வையுங்கள். கருப்பு 100, மற்ற மூன்று வண்ணங்களும் 0 என்று காட்ட வேண்டும். நான்கு வண்ணத்திலும் எண் இருந்தால் ஒற்றை வண்ண அச்சில் எழுத்து புள்ளிபுள்ளியாக மங்கும். ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசி வரியையும் மூலப் பிரதியோடு ஒப்பிடுங்கள். சட்டகத்துக்குள் அடங்காத வரிகள் இன்டிசைனில் சிவப்புக் கூட்டல் குறியோடு நிற்கும். பிடிஎஃப்பில் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்க வேண்டியவை: யூனிகோடு எழுத்துருவில்தான் வேலை, கடை செய்த பிழைக்குக் கட்டணம் இல்லை, முடிவில் இன்டிசைன் பேக்கேஜ் கோப்புறை (மூலக் கோப்பு, எழுத்துரு, படங்கள் அடங்கியது) முழுதும், பழைய இன்டிசைனிலும் திறக்கக்கூடிய ஐடிஎம்எல் கோப்போடு சேர்த்துத் தர வேண்டும். முதலில் 16 பக்கம் மட்டும் செய்து தரச் சொல்லி மேலே சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள். அதில் தேறினால் மீதிப் பக்கங்களைக் கொடுக்கலாம்.