ஜெனோவா அரண்மனைகள்: வழிகாட்டியோடு போவதா, தனியாகச் சுற்றுவதா?

இத்தாலியின் பழைய துறைமுக நகரமான ஜெனோவாவுக்குப் போகிறவர்களுக்கு முதல் குழப்பம் இதுதான். நான் வழிகாட்டி நடத்தும் குழுவில் சேர்ந்தேன். மறுபடி போனாலும் முதல் நாள் அதையே செய்வேன்.

தனியாகப் போனால் செலவு குறைவு, நேரமும் நம் கையில். பலாட்சோ ரோஸ்ஸோ, பலாட்சோ பியாங்கோ, டோரியா துர்சி என்ற மூன்று அருங்காட்சியக மாளிகைகளுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். அங்குள்ள பழைய ஓவியர் வான் டைக்கின் ஓவியங்கள் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

ஆனால் இந்த மாளிகைகள் எதற்காக இப்படிக் கட்டப்பட்டன என்பது தெரியாமல் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். அந்தக் காலத்தில் ஜெனோவா தனிக் குடியரசு, அங்கே மன்னரும் இல்லை, மன்னருக்கான அரண்மனையும் இல்லை. அதனால் 1576-இல் செனட் சபை, அரசு விருந்தினரைத் தங்கவைக்கத் தகுந்த பிரபுக்களின் வீடுகளைப் பட்டியல் போட்டது. 'ரொல்லி' என்பது அந்தப் பட்டியல்தான். விருந்தினரின் அந்தஸ்துக்கு ஏற்ப வீடுகளை வகை பிரித்து, யார் வீட்டுக்கு அனுப்புவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள்.

டோரியா துர்சியின் வாசலிலேயே எங்களை நிறுத்தி வழிகாட்டி இதைச் சொன்னார். பிறகு நிமிர்ந்து பார்த்தால் எல்லாம் புரிகிறது: வாசல் மண்டபம், ஒரு படிக்கட்டு, மேலே தூண்கள் சூழ்ந்த முற்றம், அங்கிருந்து இரண்டாகப் பிரியும் இன்னொரு படிக்கட்டு. மலைச்சரிவின் குறையையே வரவேற்பாக மாற்றியிருக்கிறார்கள். விருந்தாளி ஏற ஏற வீடு விரிந்துகொண்டே போகிறது. தனியாக வந்திருந்தால் நேரே அங்கே வைத்திருக்கும் வயலின் மேதை பகானினியின் வயலினைத் தேடி ஓடியிருப்பேன்.

யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 42 ரொல்லி மாளிகைகளில் பலவற்றில் இன்று வங்கியோ அலுவலகமோ குடித்தனமோ இருக்கிறது. எந்தக் கதவு திறந்திருக்கும், எதுவரை நுழையலாம் என்பதும் உள்ளூர் வழிகாட்டிக்குத்தான் அத்துப்படி.

தோட்டங்களுக்கு மட்டும் தனியாகப் போங்கள். பலாட்சோ ரியாலே மாளிகையின் கூழாங்கல் தரைச் சித்திரங்களையும், 1533-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் தங்கிய வில்லா தெல் பிரின்சிபே மாளிகையின் நெப்டியூன் நீரூற்றையும் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். குழுவோடு போனால் அது நடக்காது. நகரின் புறநகரான பெக்லியில் உள்ள பல்லாவிச்சினி பூங்காவுக்கு உள்ளூர் ரயிலில் போகலாம். நாடக மேடை அமைப்பாளரான மிக்கேலே கன்சியோ வடிவமைத்தது. நடைபாதையே காட்சி காட்சியாக விரிகிறது. ஏற்றம் அதிகம், முட்டிவலி உள்ளவர்கள் யோசித்துப் போகவும்.

வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் 'ரொல்லி நாட்கள்' வரும். தனியார் மாளிகைகளையும் அப்போது திறந்துவிடுகிறார்கள். விளக்கம் சொல்பவர்கள் கலை வரலாறு படித்த இளைஞர்கள். அந்தச் சமயத்தில் நான் போனதில்லை, கூட்டத்தைப் பற்றி என்னால் உறுதி சொல்ல முடியாது. தேதி ஒத்துவந்தால் கட்டணச் சுற்றுலாவை விட்டுவிட்டு அதற்கே போகலாம்.