போட்டோ பார்த்தே ஸ்கிளீரல் லென்ஸ் செய்து தருகிறோம் என்பவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள்

கணவரின் மூன்று மாத மாத்திரைக் காசு ஒரு ஆன்லைன் கடையிடம் போய்விட்டது. ‘உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது’ என்று இப்போதுதான் மெசேஜ் வந்தது, அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன்.

என் கணவருக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து, ரத்த அணுக்களெல்லாம் ஏறிய பிறகுதான் கண் கெட்டது. அவர் தங்கை கொடுத்த அணுக்கள் இவருடைய கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குகின்றன, கொடுத்தவரின் அணுக்கள் வாங்கியவரின் உடம்பையே தாக்குகிற இதைத்தான் ஜி.வி.எச்.டி. என்பார்கள், அந்த வார்டில் இருந்தவர்களுக்குப் புரியும். கீழ் இமைக்குள் காகிதப் பட்டையை 5 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள், 2 மில்லிமீட்டர்கூட நனையவில்லை. அழுதாலும் கண்ணீர் வராது. அவர் ரத்தத்திலிருந்தே எடுத்த சீரம் சொட்டு, கண்ணீர்த் துளையை அடைக்கிற பிளக் எல்லாம் ஆகியும் மண் விழுந்த மாதிரி உறுத்தல் போகாததால் டாக்டர் ஸ்கிளீரல் லென்ஸ் சொன்னார், கண்ணின் வெள்ளைப் பகுதிமேல் உட்காருகிற பெரிய கான்டாக்ட் லென்ஸ் அது. அளவெடுக்க ரொம்ப நாள் காத்திருக்கணும்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆன்லைன் கண்ணாடிக் கடை மாட்டியது. போனில் பேசியவன் எடுத்த எடுப்பிலேயே, “மஜ்ஜை கொடுத்தது கூடப் பிறந்தவங்களாம்மா? ஸ்டீராய்டு இன்னும் ஓடுதா?” என்று கேட்டான். சொந்தக்காரர்கள்கூடக் கேட்காத கேள்வி. அங்கேதான் நம்பினோம். பவர் சீட்டும் கண் போட்டோவும் போதுமாம், பணம் மட்டும் முழுசாக முன்னாடியே.

பெட்டியைத் திறந்தால் லென்ஸ் விரலுக்கு நடுவே மடங்குகிறது! ஸ்கிளீரல் லென்ஸ் மடங்காது, கெட்டியாக இருக்கும்; வெள்ளை விழிமேல் உட்கார்ந்து, கருவிழிக்கும் தனக்கும் இடையில் உப்புநீரைத் தேக்கி வைத்திருக்கும். வந்தது சாதாரண சாஃப்ட் லென்ஸ். கூடவே இலவசமாம் ஒரு சொட்டு மருந்து, லேபிளில் பொடி எழுத்தில் பென்சல்கோனியம் குளோரைடு. காய்ந்த கண்ணை இன்னும் புண்ணாக்குகிற ப்ரிசர்வேட்டிவ் அது.

முதலில் “பழகினா சரியாயிடும்மா” என்றான். போடவே இல்லை என்றதும் “திறந்த பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டோம்”. திறக்காமல் எப்படித் தெரியும் என்றால் “மேனேஜர் கூப்பிடுவார்”. எந்த மேனேஜரும் கூப்பிடவில்லை. வேறு நம்பரிலிருந்து பேசினால் ஒரு பெண், “அது எங்க பார்ட்னர் அனுப்பினது” என்கிறாள். மூன்று மாத மாத்திரைக் காசுங்க, எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மாத்திரை, வேளை தவறக் கூடாதது, இனி கடன் வாங்கித்தான்.

என்னென்ன பார்த்து வாங்கணும் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. ஸ்கிளீரல் லென்ஸை நேரில் கண்ணில் போட்டுப் பார்க்காமல் யாராலும் சரியாகப் பொருத்த முடியாது. சொட்டு மருந்து லேபிளைப் படியுங்கள். கண் சிவந்து, வெளிச்சம் தாங்காமல், பார்வை மங்கினால் அன்றே கண் டாக்டரிடம் ஓடுங்கள், கருவிழியில் புண்ணாகி ஓட்டை விழும் வரை போகக்கூடியது இது. அப்புறம், போனில் போட்டோ கேட்டால் அப்படியே கட் பண்ணிவிடுங்கள், எவ்வளவு விவரமாகப் பேசினாலும்.