ஹம்மிங்பேர்டு அந்துப்பூச்சியா, காப்பிக் கண்ணாடிச் சிறகனா?

பட்டப்பகலில் ஏதோ ஒன்று பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்று தேன் உறிஞ்சினால், குட்டிப் பறவை என்று குழம்பாதீர்கள். இந்த இரண்டு பருந்து அந்துப்பூச்சிகளில் (hawk-moth) ஒன்றாக இருக்கலாம்.

சிறகு: ஹம்மிங்பேர்டு அந்துப்பூச்சிக்கு முன்சிறகு பழுப்பு, பின்சிறகு ஆரஞ்சு, பறக்கையில் அந்த ஆரஞ்சு பளிச்சிடும். கண்ணாடிச் சிறகனுக்கோ சிறகு வழியே மறுபக்கம் தெரியும். கூட்டை விட்டு வரும்போது அதற்கும் சிறகில் செதில்கள் உண்டு; முதல்முறை பறக்கும்போதே தூளாக உதிர்ந்துவிடும். அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

உடல்: முன்னது சாம்பல் பழுப்பு. பின்னது பச்சை, வயிற்றில் செந்நிறப் பட்டை. வால்நுனி மயிர்க்கொத்து இரண்டுக்கும் உண்டு, அதை நம்பாதீர்கள்.

புழு: முன்னது காலியம் (Galium) என்ற சிறு செடிகளில், பின்னது காப்பி, கார்டீனியா (மணமுள்ள பூச்செடி) இலைகளில்.

ஐரோப்பாவில் தேடுபவருக்கு ஹம்மிங்பேர்டுதான். வெப்பமான ஆசியப் பகுதியில் புழுவிலிருந்து வளர்த்துப் பார்க்க ஆசையா? கண்ணாடிச் சிறகன், ஒரு கார்டீனியா செடி வையுங்கள்.