'தனியா இறங்கலாம்' என்ற வாய்ப்பேச்சை நம்பிப் படகேறாதீர்கள்

நானும் என் டைவிங் துணையும் வழிகாட்டி இல்லாமல் கடலுக்குள் இறங்கிப் பழகியவர்கள். ஒரே நண்டை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு கிடப்பதுதான் எங்களுக்குச் சுகம். பலரோடு சேர்ந்து போகும் படகு என்பதால், நாங்கள் இருவர் மட்டும் தனியாக இறங்கலாமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டோம். "தாராளமா" என்றார்கள். எழுதி வாங்கவில்லை.

படகு கிளம்பியதும் பேச்சு மாறியது. எல்லோரும் ஒன்றாகத்தான் போக வேண்டுமாம். நீரோட்டம், உள்ளூர் விதி என்று சொல்லியிருந்தால் மறுபேச்சு பேசியிருக்க மாட்டோம். படகில் ஆள் போதவில்லை, அவ்வளவுதான். குழுவில் ஒருவர் புதியவர், பாவம், மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தார். 28ஆவது நிமிடத்தில் அவருடைய சிலிண்டரில் காற்றின் அழுத்தம் 50 பாருக்கு இறங்கிவிட்டது. என்னிடம் 130 பார் மிச்சம். அவரோடு சேர்த்து எங்களையும் மேலே ஏற்றிவிட்டார்கள்.

இரண்டாவது டைவுக்குச் சண்டை போட்டுத் தனியாக இறங்கினோம். 60 நிமிடம் கெடு. 5 மீட்டர் ஆழத்தில் நின்று, நாங்கள் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் அடையாள மிதவையை மேலே விட்டோம், பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் காத்திருந்தோம், 55ஆவது நிமிடத்தில் தலையை வெளியே நீட்டினால் படகைக் காணோம்! குழுவை ஏற்றிக்கொள்ளப் பவளத்திட்டின் மறுபக்கம் போயிருக்கிறது. இருபது நிமிடம் மிதந்தோம். விசில் ஊதி ஊதி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். படகில் ஏறியதும், இறங்கியவர்களின் பெயர்களை எழுதிவைக்கும் பலகையைப் பார்த்தேன். எங்கள் பெயர்களுக்கு நேரே 'திரும்பிவிட்டார்கள்' என்று முன்பே டிக் அடித்திருந்தது. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஒரு படகு இப்படித்தான் தலையைத் தப்பாக எண்ணி ஓர் அமெரிக்கத் தம்பதியை விட்டுவிட்டு வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் ஆள் இல்லாததே தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை.

இனி தனியாக இறங்கப் போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: நாங்கள் நீருக்குள் இருக்கும்போது படகு எங்கே நிற்கும், எங்கள் மிதவையை யார் கவனிப்பார், தலை எண்ணுவது யார், எப்படி. பதிலை எழுத்தில் வாங்குங்கள். நேரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணாத படகில் ஏறாதீர்கள்.

பாதிப் பணமாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். "ரெண்டு டைவும் போனீங்கல்ல, சார்?" என்றார்கள்.