வீடியோ காலா, வாய்ஸ் மெசேஜா: தனி அறையில் கிடப்பவருக்கு எது தோது?

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஒரேயடியாகச் சரிந்துவிட்டால் ஆஸ்பத்திரியில் தனி அறைக்குள் போட்டுவிடுவார்கள். தொற்று பயத்தில் பூங்கொத்தைக்கூட உள்ளே விடமாட்டார்கள். வாரக்கணக்கில் அப்படிக் கிடந்தபோது, வீட்டாரோடு தொடர்பில் இருக்க என் கையில் இருந்தது போன் ஒன்றுதான். அதிலேயே நான்கு வழிகள்: வீடியோ கால், சாதாரண கால், டைப் செய்து அனுப்புவது, வாய்ஸ் மெசேஜ். எல்லாவற்றையும் புழங்கிப் பார்த்துவிட்டு வாய்ஸ் மெசேஜில் நிலைத்தவன் நான். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

டைப் செய்வதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனை எண், மாத்திரை பெயர், நாளை என்ன கொண்டுவர வேண்டும் என்பதற்கெல்லாம் அதுதான் சரி. ஆனால் 'நல்லா இருக்கேன்' என்று எழுத்தில் அனுப்பினால் யாரும் நம்புவதில்லை. கடிதத்துக்கும் எல்லா அறையிலும் வழியில்லை. தைராய்டு நோய்க்குத் தரும் கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குத் தனிமையில் வைக்கப்படுபவரின் வியர்வை, எச்சில் வழியே கதிரியக்கம் பொருட்களில் ஒட்டும். அதனால் உள்ளே போன காகிதத்தை வெளியே கொண்டுவர விடாமல் போகலாம்.

மிச்சம் குரலும் முகமும். இங்கே முகம்தான் ஜெயிக்கும் என்று பலரும் நினைப்போம். 2021இல் வெளியான அமித் குமார், நிக்கலஸ் எப்லி ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. எழுத்தில் பேசிக்கொண்டவர்களைவிடக் குரலில் பேசிக்கொண்டவர்கள் அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். குரலோடு முகத்தையும் சேர்த்தபோது அந்த நெருக்கம் குறிப்பிடும்படி கூடவில்லை. அது இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டதை வைத்துச் செய்த ஆய்வு. பதிவு செய்து அனுப்பும் குரலுக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

வீடியோ காலின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆள் எப்படி இருக்கிறார் என்று கண்ணால் பார்த்துவிடலாம். சிக்கலும் அதிலேயேதான் இருக்கிறது. முடி கொட்டி, முகம் வீங்கிக் கிடக்கும்போது திரையின் ஓரத்தில் நம் முகமே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். வீடியோ சந்திப்புகள் ஏன் அலுப்பூட்டுகின்றன என்று 2021இல் எழுதிய ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் சொன்ன நான்கு காரணங்களில் இதுவும் ஒன்று. போதாக்குறைக்கு, பேச்சு நடுவே டிரிப்ஸ் ஓட்டும் பம்ப் கத்தும். மருந்து தீரப்போகிறது என்றோ குழாய் மடங்கியிருக்கிறது என்றோதான் பெரும்பாலும் அர்த்தம். நமக்கு அது பழகிப்போயிருக்கும். அம்மாவுக்கு அப்படியில்லை. "என்னடா சத்தம் அது? நர்ஸைக் கூப்பிடு!" என்று ஆரம்பித்துவிடுவார். அவரைச் சமாதானப்படுத்துவதிலேயே கால் முடிந்துவிடும்.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். என்னை முடிவெடுக்க வைத்தது நேரம். அடைபட்டுக் கிடப்பவருக்கு நாள் முழுக்க ஓய்வுதானே, எப்போது வேண்டுமானாலும் பேசலாமே என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரி அறையில் ஒரு மணி நேரம்கூட நம் கையில் கிடையாது. விடியற்காலையில் ரத்தம் எடுக்க வருவார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் எப்போது என்று யாருக்கும் தெரியாது. காய்ச்சல், மாத்திரை, வாந்தி எல்லாம் தன் இஷ்டத்துக்கு வரும். இடையில் கண்ணயர்ந்தால் அதைக் கலைக்க மனசு வராது. வீட்டுப் பக்கமும் இதே கதைதான்: ஒருவருக்கு வேலை நேரம், ஒருவருக்கு வண்டி ஓட்டும் நேரம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தெம்பாக இருந்தால்தான் வீடியோ கால் ஒப்பேறும். ஏழு மணிக்குப் பேசலாம் என்று சொல்லிவிட்டு, ஏழு மணிக்கு என்னால் எழுந்து உட்கார முடியாமல் போனால், அந்த எடுக்காத கால் வீட்டில் ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துவிடும். சாதாரண காலுக்கும் இதே கதிதான். முகம் காட்ட வேண்டாம் என்பது ஒன்றே ஆறுதல்.

வாய்ஸ் மெசேஜுக்கு இந்த முன்பதிவு தேவையில்லை. தெம்பிருக்கும் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் பேசி அனுப்பலாம். குரல் கம்மினால் நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம். வீட்டில் இருப்பவர் அதை மாடிப்படி ஏறும்போது கேட்பார், பதிலைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று பேசுவார். அந்தப் பதில்களில் எனக்குப் பிடித்தது பேச்சைவிடப் பின்னால் கேட்கும் சத்தங்கள். என் மனைவி பேசிக்கொண்டே கதவைப் பூட்டுவார். எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் முதல் தடவை விழாது. பேச்சை நிறுத்தி, தோளால் ஒரு இடி, 'டக்'. அப்புறம் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார். வீடியோ காலில் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு இடத்தில் உட்கார்ந்து, எப்படி இருக்கே, சாப்பிட்டியா என்று கேட்பவருக்கு இதெல்லாம் வராது.

மெசேஜைத் திரும்பக் கேட்கலாம் என்பது அடுத்த லாபம். தூக்கம் வராத ராத்திரியில் யாரையும் எழுப்பாமல் பழைய பதிவைப் போட்டுக் கேட்டிருக்கிறேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விடும் வசதியை வாட்ஸ்அப் 2021இல் கொண்டுவந்தது. ஆபீஸ் மெசேஜுக்கு அது வரம். அம்மா குரலுக்கு அதைப் போடாதீர்கள், கண்ராவியாக இருக்கும்.

சின்ன நுணுக்கம் ஒன்று. புறங்கையில் ஊசி குத்தி டேப் ஒட்டியிருக்கும்போது மைக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பேசுவது வலி. பட்டனை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். போனைத் தலையணையில் சாத்திவிட்டுக் கை வலிக்காமல் பேசலாம்.

எல்லோருக்கும் இதையே சிபாரிசு செய்ய மாட்டேன். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு வீடியோ கால்தான் தோது என்று நினைக்கிறேன். ஒன்றரை வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்று 2016இல் அறிவுறுத்திய அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பே வீடியோ காலுக்கு விலக்குக் கொடுத்திருந்தது. எங்கள் வீட்டில் அந்த வயதில் யாரும் இல்லை, ஆகவே இதில் என் சொல்லுக்கு எடை குறைவு. காது மந்தமான பெரியவர்களுக்கும் வாயசைவைப் பார்ப்பது உதவும். சிறையில் இருப்பவருக்கு இந்தத் தேர்வு பெரும்பாலும் கையில் இருக்காது. ராபன் தீவில் தொடக்கத்தில் மண்டேலாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம்தான் அனுமதி, அதுவும் 500 சொற்களுக்குள். அங்கே எது நல்லது என்று நான் அலசுவது அபத்தம்.

வாய்ஸ் மெசேஜ் பக்கம் வருவதாக இருந்தால், அறைக்குள் போகும் முன்னரே செட்டிங்கைப் பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் மறையும் செய்திகள் வசதி போட்டிருந்தால், வைத்த கெடுவைப் பொறுத்து 24 மணி நேரத்திலோ, 7 நாளிலோ, 90 நாளிலோ குரலும் சேர்ந்து போய்விடும். அதை அணைத்துவிடுங்கள், பேக்கப்பையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். குடும்ப குரூப்பில் மட்டும் பேசிப் போடாதீர்கள். அங்கே போட்டால் இருபது பேர் கேட்டுவிட்டு இருபது கைகூப்பும் பொம்மை அனுப்புவார்கள், ஒருவரும் பேச மாட்டார்கள். தனித்தனியாக அனுப்புங்கள், பதில் குரலிலேயே வரும்.